எபேசு நகரத்துத் தெமேத்திரியுவும் நம் ஊர்க் காற்றாலையும்

(படைப்பின் காலத்தையொட்டி வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு மறையுரை. தச்சநல்லூர் பங்கு மக்களுக்காக இங்கே அச்சாகிறது.)



இந்த ஆண்டு ஆடி மாதம் ஒரு நாள், தச்சநல்லூரிலிருந்து கோவில்பட்டிக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருந்தேன். தாழையூத்து தாண்டி, கங்கைகொண்டான் தாண்டி, கயத்தாறு வந்தது. உங்களுக்குத் தெரியும், அங்கே சாலையின் இரண்டு பக்கமும் காற்றாலைகள்தான். அன்றைக்கு நல்ல காற்று. சன்னலோரம் இருந்தவர்கள் எல்லாம் கண்ணாடியை இழுத்து மூடிவிட்டார்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. என் பக்கத்தில் ஒரு அம்மாவும் அவர் மகனும். ஐந்தாம் வகுப்பு படிக்கிற பையன். அவன் வெளியே காட்டி என்னிடம் கேட்டான்: "ஏன் சாமி, இம்புட்டுக் காத்து அடிக்குதே, அந்த ரெண்டு மட்டும் ஏன் சும்மா நிக்குது?"

பார்த்தேன். சுற்றிக்கொண்டிருந்த பல காற்றாலைகளுக்கு நடுவே இரண்டு நின்றுகொண்டிருந்தன. "ரிப்பேரா இருக்கும்பா" என்றேன். அதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அது மட்டும்தான் காரணமா என்று அன்றைக்கு முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பையனுக்கு நான் சொல்லாமல் விட்ட பதிலைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அதற்கு முன்னால் திருவிவிலியத்திலிருந்து ஒரு நிகழ்ச்சி. திருத்தூதர் பணிகள் நூல், 19ஆம் அதிகாரம், கடைசிப் பகுதி. வீட்டுக்குப் போனதும், அல்லது இந்த நிகழ்ச்சி முடிந்ததும், எடுத்து வாசித்துப் பாருங்கள்.

தூய பவுல் எபேசு நகரத்தில் இருக்கிறார். அது பெரிய வணிக நகரம். அங்கே அர்த்தமி தேவதைக்குப் புகழ்பெற்ற கோவில் ஒன்று இருந்தது. தெமேத்திரியு என்று ஒருவர். வெள்ளி வேலை செய்பவர். அந்தக் கோவிலின் சிறிய வடிவங்களை வெள்ளியில் செய்து விற்பது அவர் தொழில். அவரை நம்பிப் பல கைவினைஞர்கள் பிழைத்தார்கள். பவுலின் போதனையைக் கேட்டு மக்கள் மனம் மாறத் தொடங்கினார்கள். விற்பனை குறையும் என்று தெமேத்திரியுவுக்குப் பயம் வந்தது. உடனே தொழிலாளர்களைக் கூட்டினார். அவர் முதலில் பேசியது தேவதையைப் பற்றி அல்ல. நம் வருமானம் எல்லாம் இந்தத் தொழிலில்தான் இருக்கிறது என்றுதான் ஆரம்பித்தார். அதற்குப் பிறகுதான், நம் தேவதையின் பெருமைக்கே ஆபத்து வந்துவிட்டது என்றார்.

தொழிலாளர்கள் கொதித்தார்கள். ஊரே கலவரமானது. பவுலோடு இருந்த காயு, அரிஸ்தர்க்கு என்ற இருவரையும் பிடித்து இழுத்துக்கொண்டு அரங்கத்துக்கு ஓடினார்கள். அங்கே இரண்டு மணி நேரம் ஒரே கோஷம். தூய லூக்கா ஒரு விவரத்தைக் குறித்து வைத்திருக்கிறார். கூட்டத்தில் பெரும்பாலோருக்குத் தாங்கள் எதற்காகக் கூடினோம் என்றே தெரியாதாம்!

அன்பார்ந்தவர்களே, இந்த நிகழ்ச்சியைப் பிற சமயத்தாரைக் குறை சொல்வதற்காக நான் எடுக்கவில்லை. பவுலின் தோழர்கள் அந்தத் தேவதையைப் பழித்துப் பேசவில்லை என்று அதே அதிகாரத்தில் நகர எழுத்தரே சாட்சி சொல்கிறார். எனவே அங்கே பிரச்சினை தேவதை அல்ல. கையில் இருக்கும் தொழிலும், அதில் போட்ட முதலும், அதனால் வரும் வருமானமும்தான் பிரச்சினை. புதியது ஒன்று வரும்போது, பழையதில் பணம் போட்டவர்கள் என்ன செய்வார்கள் என்பதைத் திருவிவிலியம் இவ்வளவு தெளிவாக வேறெங்கும் காட்டவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

காற்றிலும் நீரிலும் மின்சாரம் எடுப்பது நமக்கு இன்று நேற்று வந்த புதுமை அல்ல. பொதிகை மலையில் பிறந்து நம்மைத் தொட்டு ஓடுகிற தாமிரபரணியின் வேகத்தில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பாபநாசம் பக்கத்தில் பஞ்சாலை ஓடியது. 1944இல் பாபநாசத்தில் நீர்மின் நிலையம் வந்தது. 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் முதன்முதலாகச் சில சிறிய காற்றாலைகளை நிறுத்திப் பார்த்தார்கள். பிறகு கயத்தாறு, ஆரல்வாய்மொழி, முப்பந்தல் என்று பரவியது. செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் வரும் தென்மேற்குப் பருவக்காற்று ஆண்டவர் நமக்கு இலவசமாகத் தந்த கொடை. குற்றாலத்தில் சாரல் விழும்போது இங்கே காற்றாலை சுற்றும். இன்று தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகள் இருக்கின்றன. நல்ல காற்று அடிக்கும் ஒரு நாளில் 10 கோடி யூனிட்டுக்கு மேல் மின்சாரம் அவற்றிலிருந்து கிடைத்திருக்கிறது.

அப்படியானால், காற்று அடிக்கும்போது ஒரு காற்றாலையை ஏன் நிறுத்த வேண்டும்?

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். மின்சாரத்தைத் தண்ணீர் மாதிரித் தொட்டியில் பிடித்து வைக்க முடியாது. பேட்டரியில் சேமிக்கலாம், ஆனால் ஒரு மாநிலத்துக்கே போதுமான பேட்டரி இன்னும் நம்மிடம் இல்லை. எனவே நாம் செலவழிக்கிற அளவும் உற்பத்தியாகிற அளவும் ஒவ்வொரு நொடியும் சமமாக இருக்க வேண்டும். இதைக் கவனிப்பதற்கென்றே சென்னையில் ஒரு கட்டுப்பாட்டு மையம் இரவு பகலாக வேலை செய்கிறது. நள்ளிரவில் ஊர் தூங்குகிறது, தேவை குறைகிறது, ஆனால் காற்று பலமாக அடிக்கிறது. அப்போது யாரையாவது குறைக்கச் சொல்ல வேண்டும். நிலக்கரியில் ஓடும் அனல்மின் நிலையத்தை ஓரளவுக்குக் கீழே இறக்குவது கடினம். பெரிய கொதிகலனை அணைத்துவிட்டால் மறுபடி மூட்டி முழு வேகத்துக்குக் கொண்டுவர மணிக்கணக்கில் ஆகும். காற்றாலையை நிறுத்துவது சுலபம். சொன்னால் நின்றுவிடும். எனவே காற்றாலைக்குத்தான் முதலில் உத்தரவு வரும். இது ஒரு காரணம். இதில் நியாயமும் உண்டு.

ஆனால் இன்னொரு காரணமும் இருக்கிறது. அனல்மின் நிலையங்களோடு நீண்ட கால ஒப்பந்தங்கள் போடப்பட்டிருக்கின்றன. மின்சாரம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அவற்றுக்கு ஒரு நிலையான கட்டணம் கொடுத்தே ஆக வேண்டும். விடுதியில் தங்கிப் படித்தவர்களுக்கு இது புரியும். மெஸ்ஸுக்கு மாதப் பணம் கட்டியாகிவிட்டது. வீட்டிலிருந்து அம்மா சோறு கட்டிக் கொடுத்துவிட்டாலும், "பணம் கட்டியாச்சே" என்று மெஸ்ஸில்தான் சாப்பிடுவோம். அம்மா கட்டிக்கொடுத்த சோறு கெட்டுப்போகும். அப்படித்தான் ஆண்டவர் தந்த காற்றும் வெயிலும் சில நேரங்களில் வீணாகின்றன.

காற்றுக்கும் வெயிலுக்கும் முதலிடம் தர வேண்டும், மின்கட்டமைப்பின் பாதுகாப்புக்கு ஆபத்து வந்தால்தான் அவற்றைக் குறைக்கலாம் என்று நம் நாட்டில் விதி இருக்கிறது. இருந்தும் தமிழ்நாட்டில் சூரிய மின் நிலையங்களின் உற்பத்தியைக் குறைக்கச் சொன்னார்கள். அந்த நிலையங்களை நடத்துகிறவர்கள் வழக்குப் போட்டார்கள். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் டில்லியிலுள்ள மின்சாரத்துக்கான மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், பாதுகாப்புக் காரணம் இல்லாமல் குறைக்கச் சொன்னதற்கு மின்வாரியம் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. ஸ்பெயின் நாட்டில் 2015இல், தன் கூரையில் சூரியத் தகடு வைத்துத் தனக்கே மின்சாரம் எடுத்துக்கொள்கிறவர்கள் மீது ஒரு கட்டணம் விதித்தார்கள். மக்கள் அதற்கு வைத்த பெயர் 'சூரிய வரி'. வெயிலுக்கும் வரியா என்று கேட்டார்கள். மூன்று ஆண்டு கழித்து, 2018இல், அதை நீக்கினார்கள். நம் மாநிலத்திலும் தங்கள் பட்டறைக் கூரைமேல் சோலார் வைத்த சிறு தொழில்காரர்கள் மீது கம்பி பயன்படுத்துவதற்கான நெட்வொர்க் கட்டணம் போடப்பட்டது. அவர்கள் போராடினார்கள். 2023இல் அரசு அதை அவர்களுக்குப் பாதியாகக் குறைத்தது.

"சாமி, அப்போ மின்வாரியம்தான் தெமேத்திரியுவா?" என்று நீங்கள் கேட்கலாம். அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. எதிர்ப்பக்கத்தில் இருப்பவரின் நியாயத்தையும் கேட்பதுதான் கிறிஸ்தவ நேர்மை.

தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். விவசாயிகளின் பம்புசெட்டுக்கு இலவசம். குடிசைக்கு இலவச விளக்கு. கைத்தறி நெசவாளருக்குச் சலுகை. இந்தச் செலவுக்கு அரசு மானியம் தருகிறது. கூடவே, பெரிய தொழிற்சாலைகளும் கடைகளும் அதிக யூனிட் எரிக்கும் வசதியான வீடுகளும் கூடுதல் கட்டணம் கட்டுவதால்தான் இந்த வண்டி ஓடுகிறது. வசதி உள்ளவர்கள் எல்லாரும் கூரையில் சோலார் வைத்துக்கொண்டு, "எனக்கு உங்கள் கரெண்டு பகலில் வேண்டாம், ராத்திரிக்கு மட்டும் கொடுங்கள்" என்றால், கம்பிக்கும் கம்பத்துக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் யார் செலவு செய்வது? புயல் மழையில் கம்பம் ஏறும் லைன்மேனுக்கு யார் சம்பளம் கொடுப்பது? வாரியத்துக்கு ஒரு இலட்சம் கோடி ரூபாய்க்கு மேல் கடன் இருக்கிறது. அந்தக் கடனின் பாரம் கடைசியில் யார் தலையில் விழும்? கூரையே இல்லாதவன் தலையில்தான் விழும்.

2012ஆம் ஆண்டை நாம் மறந்திருக்க மாட்டோம். ஒரு நாளைக்கு 10 மணி நேரத்துக்கு மேல் கரெண்டு இல்லாமல் கிடந்தோம். பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கில் பரீட்சைக்குப் படித்தார்கள். அந்தப் பயத்தில்தான் பல நிலக்கரி ஒப்பந்தங்கள் போடப்பட்டன. அன்றைக்கு அவை நமக்கு விளக்கேற்றின. அதையும் நன்றியோடு நினைக்க வேண்டும்.

சில மாதங்களுக்கு முன் ஒரு சகோதரர் என்னைப் பார்க்க வந்தார். ஓர் அனல்மின் நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. இருபது வருடமாகச் சாம்பல் அள்ளும் இடத்தில் வேலை. இருமிக்கொண்டே பேசினார். "சாமி, நிலக்கரி கெட்டது, புகை கெட்டதுன்னு பிரசங்கத்துல சொல்றீங்க. அது எனக்கும் தெரியும். என் நெஞ்சுக்குள்ளதானே அது இருக்கு. ஆனா அந்த இடத்த மூடுனா நாளைக்கு எம் பிள்ளைக்கு யாரு பீஸ் கட்டுவா?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் போன பிறகு கோவிலில் நற்கருணைப் பேழைக்கு முன் நீண்ட நேரம் உட்கார்ந்திருந்தேன். தெமேத்திரியு கூட்டிய கூட்டத்திலும் இப்படிப்பட்டவர்கள் இருந்திருப்பார்கள் அல்லவா? முதலாளிக்கு லாபம் போய்விடுமே என்ற பயம். தொழிலாளிக்குச் சோறு போய்விடுமே என்ற பயம். இரண்டும் ஒரே அரங்கத்தில் ஒரே குரலில் கத்தின. ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

அன்பார்ந்தவர்களே, தெமேத்திரியு செய்த தவறு என்ன? தொழிலைக் குறித்துக் கவலைப்பட்டது தவறல்ல. கவலைப்படத்தான் வேண்டும். ஆனால் அவர் தன் லாபத்துக்குத் தேவதையின் பெயரை வைத்தார். அது முதல் தவறு. தன் தொழிலாளர்களின் பயத்தைத் தீர்க்க வழி தேடாமல், அந்தப் பயத்தையே ஆயுதமாக்கினார். அது இரண்டாவது தவறு. வெள்ளி வேலை தெரிந்த கைகள் வேறு எத்தனையோ பொருள்கள் செய்யலாமே! அதை அவர் பேசவே இல்லை.

இன்றும் அப்படித்தான் நடக்கிறது. "நிலக்கரி இல்லாவிட்டால் நாடே இருண்டுவிடும்" என்று ஒருவர் சொன்னால், அவர் நாட்டுக்காகப் பேசுகிறாரா, தான் போட்ட முதலுக்காகப் பேசுகிறாரா என்று கேட்டுப் பாருங்கள். இதே கேள்வியை மறுபக்கத்தையும் பார்த்துக் கேளுங்கள். "பசுமை மின்சாரம்" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர் மானாவாரி நிலத்தையும் ஆடு மேயும் தரிசையும் என்ன விலைக்கு வாங்குகிறார்? நம் ஓடைகளையும் குளத்துக்குத் தண்ணீர் வரும் வழிகளையும் மறிக்காமல் வேலி போடுகிறாரா? ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. நாட்டின் பெரிய முதலாளிகள் நிலக்கரியிலும் இருக்கிறார்கள், வெயிலிலும் இருக்கிறார்கள். புதியது என்பதற்காகவே எதுவும் நீதியானதாக ஆகிவிடாது. வெயில் எல்லாருக்கும் பொதுவாகக் காய்கிறது. அதிலிருந்து வரும் நன்மையும் பொதுவாகப் போய்ச் சேர வேண்டும்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடலில் இந்த இரண்டையும் சேர்த்தே சொன்னார். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றின் இடத்தில் படிப்படியாக, ஆனால் தாமதமில்லாமல், வேறு எரிசக்தி வர வேண்டும் என்றார். பூமியின் அழுகையையும் ஏழைகளின் அழுகையையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்றும் அதே மடலில் சொன்னார். ஒன்றை மட்டும் கேட்டால் பாதிக் காதுதான் கேட்கிறது என்று பொருள்.

அவர் சொன்னதோடு நிற்கவில்லை. 2008இலேயே, திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் காலத்தில், வத்திக்கானில் ஆறாம் பவுல் அரங்கத்தின் கூரையில் 2,000க்கும் மேற்பட்ட சூரியத் தகடுகள் பொருத்தப்பட்டன. 2024ஆம் ஆண்டு ஜூன் மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் 'சகோதரன் சூரியன்' என்ற பெயரில் ஒரு மடல் வெளியிட்டார். உரோமைக்கு வெளியே சாந்தா மரிய தி கலேரியா என்ற இடத்தில் வத்திக்கான் வானொலிக்குச் சொந்தமான பெரிய நிலம் இருக்கிறது. அங்கே பயிரும் விளையும்படி, மேலே சூரியத் தகடு வைத்து, வானொலிக்கும் வத்திக்கான் நகரம் முழுவதற்கும் வேண்டிய மின்சாரம் எடுக்கச் சொன்னார். 2025 ஜூன் மாதம் திருத்தந்தை பதினான்காம் லியோ அந்த இடத்துக்கே நேரில் போய்ப் பார்த்து வந்தார். வானொலியில் பேசுகிற எனக்கு இது தனி மகிழ்ச்சி. நற்செய்தியைச் சுமந்து போகும் அலையும் இனி வெயிலிலிருந்து பிறக்கப் போகிறது.

சரி, நாம் என்ன செய்வது?

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். முன்பு நான் பணியாற்றிய ஒரு பங்கில், கோவில் கூரைமேல் சோலார் வைக்கலாம் என்று இளைஞர்கள் பங்குப் பேரவையில் கேட்டார்கள். நான்தான் தடுத்தேன். "போன வருஷம்தானே புது ஜெனரேட்டர் வாங்குனோம், அது வீணாப் போயிருமே" என்றேன். ஜெனரேட்டர் வாங்கித் தந்த நன்கொடையாளர் மனம் நோகுமே என்றும் நினைத்தேன். கொடியேற்றத்திலிருந்து சப்பரம் வரை பத்து நாளும் அந்த ஜெனரேட்டர் சத்தத்தில்தான் திருவிழா நடந்தது. டீசல் புகைக்குள் நின்றுதான் மக்கள் செபமாலை சொன்னார்கள். கயத்தாற்றில் அந்தப் பையன் கேள்வி கேட்ட அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது: தெமேத்திரியு எபேசில் மட்டும் இல்லை. பணம் போட்டுவிட்டோமே என்ற ஒரே காரணத்துக்காகப் பழையதைக் கட்டிக்கொண்டு அழுகிற எல்லாருக்குள்ளும் இருக்கிறார். பங்குச் சாமியாருக்குள்ளும் இருக்கிறார்.

எனவே மூன்று காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று. சொந்தக் கூரை உள்ளவர்கள் யோசியுங்கள். 2024இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில், வீட்டுக் கூரையில் 3 கிலோவாட் சோலார் வைத்தால் 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. நம் பக்கத்து வெயிலுக்கு ஒரு நாளைக்குச் சராசரியாகப் பன்னிரண்டு யூனிட் வரை எதிர்பார்க்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை. அதனால் உங்கள் கரெண்டு பில் குறைந்தால், குறைந்த பணம் முழுவதும் உங்களுக்கே என்று நினைக்காதீர்கள். உங்கள் தெருவிலேயே வாடகை வீட்டில் இருப்பவர்கள், ஓட்டு வீட்டில் இருந்து பீடி சுற்றும் அக்காமார் இருக்கிறார்கள். அவர்களால் சோலார் வைக்க முடியாது. ஒவ்வோர் அன்பியத்திலும் இதற்கென்று ஒரு சிறு நிதி வையுங்கள். ஒரு பிள்ளையின் படிப்பு விளக்குக்கு, ஒரு முதியவரின் மின்விசிறிக்கு அது உதவட்டும். அப்போதுதான் நம் கூரைமேல் விழும் வெயில் நற்செய்தியாகும்.

இரண்டு. கோவில், பள்ளி, கன்னியர் மடம், விடுதி ஆகியவற்றின் கூரைகள் பெரியவை. பகலில்தான் அங்கே அதிகம் கரெண்டு செலவாகிறது. பகலில்தான் வெயிலும் இருக்கிறது. பொறுப்பில் இருக்கிறவர்கள் என்னைப் போலத் தாமதிக்க வேண்டாம்.

மூன்று. இதுதான் முக்கியம். பழைய தொழிலை நம்பி இருக்கிற தொழிலாளிக்காகப் பேசுங்கள். கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா பவர் நிறுவனத்தின் பெரிய சூரிய மின்கல ஆலை வந்திருக்கிறது. சுற்று வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து பெண்பிள்ளைகள் பலர் அங்கே வேலைக்குப் போகிறார்கள். தச்சநல்லூர் வழியாகப் போகும் கம்பெனிப் பேருந்துகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மகிழ்ச்சி. ஆனால் சாம்பல் அள்ளிய அந்தச் சகோதரருக்கு ஐம்பது வயதில் அங்கே யார் வேலை கொடுப்பார்கள்? அவருக்குப் புதுத் தொழில் கற்றுக்கொடுக்க வேண்டும். மருத்துவச் செலவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் படிப்புக்கு உறுதி கொடுக்க வேண்டும். இதை அரசிடமும் நிறுவனங்களிடமும் தொழிற்சங்கங்களோடு சேர்ந்து நாம் கேட்க வேண்டும். மின்வாரியமும் மாறத் தொடங்கியிருக்கிறது. 2024இல் பசுமை எரிசக்திக்கென்றே தனிக் கழகம் ஒன்றைத் தமிழ்நாடு அரசு உருவாக்கியது. மாறுகிறவரைத் திட்டாமல் கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டும்.

எபேசுக் கலவரம் எப்படி முடிந்தது தெரியுமா? யாரும் யாரையும் அடித்து முடிக்கவில்லை. நகர எழுத்தர் எழுந்து நின்றார். தெமேத்திரியுவுக்கும் தொழிலாளர்களுக்கும் குறை இருந்தால் நீதிமன்றம் திறந்திருக்கிறது, அங்கே போய்ச் சொல்லட்டும் என்றார். கூட்டத்தைக் கலைத்து வீட்டுக்கு அனுப்பினார். கூச்சலில் கேட்காத நியாயம் அமைதியில் கேட்டது. நம் ஊருக்கும் இன்று அப்படிப்பட்டவர்கள் தேவை. கணக்கை வெளிப்படையாகக் காட்டுகிற அதிகாரிகள், அதைக் கேட்டுப் புரிந்துகொள்கிற மக்கள், இரண்டு பக்கத்துக் குறையையும் ஒரே தராசில் நிறுக்கிற நீதிபதிகள் தேவை.

அன்றைக்கு அவ்வளவு கூச்சல் போட்டுக் காப்பாற்றிய அந்தக் கோவில் இருந்த இடத்தில் இன்று, துருக்கி நாட்டில், ஒரே ஒரு தூண் நிற்கிறது. பழையது எதுவும் அப்படியே நிற்பதில்லை. நிலக்கரியின் காலமும் போகும். அது போகும்போது யாரையெல்லாம் கீழே தள்ளிவிட்டுப் போனோம் என்றுதான் ஆண்டவர் நம்மிடம் கேட்பார்.

அந்தப் பையனை மறுபடி பார்த்தால் நான் இப்படிச் சொல்வேன்: "தம்பி, அந்தக் காற்றாலை நின்றதற்கு ரிப்பேர் காரணமாக இருக்கலாம். இல்லையென்றால், பெரியவர்களாகிய நாங்கள் இன்னும் முடிவெடுக்காமல் நிற்கிறோம், அதனால் அதுவும் நிற்கிறது. நீ பெரியவனாகும்போது அது சுற்ற வேண்டும். அதற்காக நாங்கள் இப்போதே எழுந்திருக்க வேண்டும்."

மன்றாடுவோம். அன்பு இறைவா, கணவாய் வழியே காற்றையும், நல்லார் மேலும் தீயார் மேலும் ஒன்றுபோல வெயிலையும் அனுப்புகிறவர் நீரே. உமது கொடையைப் பூட்டி வைக்காத மனத்தை எங்களுக்குத் தாரும். கையில் உள்ளதை விட்டுவிட அஞ்சும் எங்கள் இதயத்தைக் குணமாக்கும். வேலை போய்விடுமோ என்று இரவில் தூக்கமின்றிக் கிடக்கும் தொழிலாளர்களைத் தேற்றும். கம்பம் ஏறி எங்களுக்கு ஒளி தருகிறவர்களை விபத்திலிருந்து காத்தருளும். மாற்றத்தின் பாரம் ஏழைகள் தோளில் மட்டும் விழாதபடி, அதை நாங்கள் எல்லாரும் பகிர்ந்து சுமக்க அருள்தாரும். எங்கள் ஆண்டவர் இயேசு கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.